சாரி-உங்குர் சுரங்கத்துக்குப் பாஸ்போர்ட் கொடுத்த கதை

சாரி-உங்குர் தங்கச் சுரங்கம் ஓடிய காலம் முழுக்க எடுத்த தங்கத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து உருக்கினால் ஒரு குதிரைக்கு லாடம் அடிக்கலாம். நாலு காலுக்கும் காணாது. முன்னங்கால் இரண்டுக்கும் அடித்துவிட்டு, பின்னங்காலுக்கு இரும்புதான்.

இதை எங்கள் ஊரில் யாரும் குறையாக நினைத்ததில்லை. மலைக்குள்ளே கருப்புப் பலகைக்கல். அதன் நடுவே விரல் தடிமனில் வெள்ளையாக ஒரு வெங்கச்சங்கல் கீற்று. அந்தக் கீற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் கொஞ்சம் தங்கம். இவ்வளவுதான் அதன் சொத்து. முப்பதுகளில் சோவியத் ஆட்கள் வந்து கீற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு மலைக்குள் குடைந்து போனார்கள். யுத்தம் வந்தது, ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள், பெண்கள் குடைந்தார்கள். பிறகு ஒருநாள் கீற்றையே காணோம். மலை எந்த யுகத்திலோ தூக்கத்தில் புரண்டு படுத்திருக்கிறது. அந்த இடத்தில் கீற்று அறுந்து, மிச்சம் மேலே போயிற்றா கீழே போயிற்றா என்று சொல்ல ஆளில்லை. நாலு பக்கமும் தோண்டிப் பார்த்துவிட்டு, தலைமைப் பொறியாளர் தலையைச் சொறிந்துகொண்டே லாரியில் ஏறிப் போனார். போகும்போது சுரங்கத்தை ஊருக்கு விட்டுவிட்டுப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டது.

அன்றைக்கிருந்து அது உருளைக்கிழங்குச் சுரங்கம். வெளியே மீசை உறைகிற குளிரிலும் உள்ளே கிழங்கு உறையாது. சித்தம் கலங்கின மாதிரி வெயில் அடிக்கிற வசந்தத்திலும் உள்ளே கிழங்கு முளைக்காது. கீழே நகரத்துச் சந்தையில் கிழங்கே இல்லாத நாளில் எங்கள் ஊர்க் கிழங்கு மட்டும் புதுசு மாதிரி போய் இறங்கும். விற்றது போக மிச்சம் விதைக்கு. ஊர் பிழைப்பது அதில்தான்.

அக்டோபரில் ஒருநாள் காலையில் புருல் கழுதை வண்டியில் முதல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்கு வந்தபோது, சுரங்கத்துக்குக் கதவு முளைத்திருந்தது. இரும்புக் கதவு. அதில் பூட்டு. பூட்டின்மேல் அரக்கு முத்திரை. பக்கத்தில் ஒரு பலகை: ‘ஆய்வில் உள்ளது. வரலாறு எழுதி முடிக்கப்படும்வரை உள்ளே செல்லத் தடை.’ பலகைக்குக் கீழே மடக்கு நாற்காலியில், தலைநகரத்துச் சப்பாத்து போட்ட ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெயர் மைராம். நிலத்தடிப் பாரம்பரிய நிறுவனத்தின் கள அதிகாரி.

“அக்கா, கிட்ட வராதீங்க. இது ஆய்வுப் பகுதி.”

“என்ன ஆய்வு? யாரு செத்துப் போனாங்க?”

“யாரும் சாகல. இந்தச் சுரங்கத்துக்குப் பாஸ்போர்ட் இல்ல.”

புருலுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று தோன்றியது. தலைத்துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டாள்.

“பாஸ்போர்ட்டா? ஏன், அது எங்கயாவது ஊருக்குப் போகுதா?”

“ஒவ்வொரு சுரங்கத்துக்கும் பாஸ்போர்ட் இருக்கணும்க்கா. பிறந்த தேதி, பூர்வீகம், அடையாளம், எல்லாம். அது இல்லாம ஒரு சுரங்கம் எப்படி இருக்க முடியும்?”

“இத்தனை வருஷம் இருந்துச்சே.”

“சட்டவிரோதமா இருந்திருக்கு,” என்றான் மைராம், வருத்தத்தோடு.

விஷயம் இதுதான். நிறுவனத்துக்கு ஐம்பதாவது ஆண்டு விழா வந்தது. ஐம்பது வருஷமாக என்னய்யா செய்தீர்கள் என்று மேலிடத்தில் யாரோ கேட்டுத் தொலைத்துவிட்டார்கள். நிறுவனத்தில் ஒரே பரபரப்பு. பெரிய சுரங்கங்களெல்லாம் கம்பெனிகளின் கையில் இருந்தன. அவர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நாய் இல்லாத, காவல் இல்லாத, கேள்வி கேட்க ஆளில்லாத சுரங்கம் ஒன்று வேண்டும். வரைபடத்தில் விரலை ஓட்டியபோது எங்கள் ஊர் அகப்பட்டது.

“எத்தனை நாளாகும் தம்பி? இந்த மாசக் கடைசியில உறைபனி எறங்கிடும். கிழங்கு வெளிய கெடந்தா ஒரே ராத்திரியில சோப்புக்கட்டி ஆயிடும். அப்புறம் மாடுகூடத் திங்காது.”

“கமிஷன் வரணும். பார்க்கணும். அறிக்கையில கையெழுத்துப் போடணும். போட்டதும் தொறந்துடுவோம்.”

“அப்போ சீக்கிரம் வரச் சொல்லு.”

“நீங்கதான் அழைக்கணும். உங்களுக்குத்தானே அவசரம்?”

அப்படித்தான் சாரி-உங்குர் சுரங்கத்தின் வரலாறு எழுதப்படும் செலவு புருலின் ஆட்டுப் பட்டியில் வந்து விழுந்தது. விருந்தாளி வந்தால் ஆடு அறுக்க வேண்டும், யாருக்குக் காரியமோ அவர்கள் ஆடு. பட்டியில் அவளுக்கு மொத்தம் மூன்று பெட்டை ஆடுகள் இருந்தன.

கமிஷன் என்றால் இரண்டு பேர். ஒருவர் நிறுவனத்தின் இயக்குநர், மண்ணியல் பேராசிரியர் கலிபெக் எசெங்கானோவ். அறுபதைத் தாண்டியவர், ஒரு கல்லைப் பார்த்தால் அது தனக்கு வணக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுப்பவரைப் போல நிற்பார். இன்னொருவர் வரலாற்றுப் பேராசிரியர் திலெபால்தி. பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். இயக்குநர் நாற்காலி நியாயமாகத் தனக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பது அவருடைய முதல் ஆராய்ச்சி முடிவு. இருவரும் ஒரே காரில் வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கதவுக்கு முன்னால் நின்று இயக்குநர் பேசினார். புருலும் அவள் புருஷன் ஷாமிரும் ஊர்த் தலைவன் சோரோனும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“தங்கம் இல்லை என்கிறார்கள். அறியாதவர்கள்! தங்கம் இருக்கும் இடத்துக்குக் கம்பெனி வருகிறது, இயந்திரம் வருகிறது, கூட்டம் வருகிறது. தங்கமே இல்லாத இடத்துக்குத்தான் விஞ்ஞானம் தனியாக, தூய்மையாக வந்து சேர்கிறது. இங்கே தங்கம் இல்லாதது ஒரு குறை அல்ல. அதுதான் நம் நிறுவனத்தின் அடித்தளம்!”

சோரோன் கைதட்டினான். கைதட்டுவது அவனுக்கு வேலையோடு சேர்ந்து வந்த பழக்கம்.

“ஐயா, கையெழுத்து…” என்றாள் புருல்.

“முதலில் பிறந்த தேதி,” என்றார் இயக்குநர். “எழுதிக்கொள், மைராம். முப்பது கோடி வருடம். கடலடிச் சேறு பலகைக்கல்லாகி, பலகைக்கல் வெடித்து, வெடிப்பில் வெங்கச்சங்கல் ஊறிய காலம்.”

“ஒத்துக்க முடியாது,” என்றார் திலெபால்தி வானத்தைப் பார்த்து. “சுரங்கம் என்பது மனிதன் தோண்டியது. முதல் கடப்பாரை விழுந்த நாள்தான் பிறந்த நாள். அதற்கு முன்னால் அது வெறும் மலை. மலைக்கு எந்த நாட்டிலும் பாஸ்போர்ட் கிடையாது.”

மைராம் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். மூக்கை உறிஞ்சினான். இதற்குள் இறைச்சி வெந்துவிட்டது.

விருந்தில் சரியாகிவிடும் என்று புருல் நம்பினாள். வயிறு நிறைந்தால் கையெழுத்து தானாக வரும். பெரிய தட்டில் இறைச்சித் துண்டங்கள் அடுக்கி, அதன்மேல் வேகவைத்த தலையை வைத்து, சபையில் பெரியவர் இயக்குநர்தானே என்று அவர் முன்னால் கொண்டு போய் வைத்தாள். அவர் கத்தியை எடுத்தார்.

“உங்க அப்பா நல்லா இருக்காரா?” என்று திலெபால்தி முதல் தடவையாக அவரிடம் அன்பாகக் கேட்டார்.

இயக்குநரின் கத்தி அந்தரத்தில் நின்றது.

தகப்பன் உயிரோடு இருக்கிறவன் ஆட்டுத்தலையில் கத்தி வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். இயக்குநரின் தகப்பனாருக்குத் தொண்ணூறு வயதாகிறது, குதிரை ஏறுகிறார், போன வருஷம் ஒரு வழக்குப் போட்டிருக்கிறார்.

“எங்க அப்பா காலமாயிட்டார்,” என்றார் திலெபால்தி அடக்கமாக, கையை நீட்டியபடி.

“நிறுவனத்தில் நான் மூத்தவன்!” என்றார் இயக்குநர்.

“நிறுவனம் வேற, தலை வேற.”

தட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்ந்தது. தலையை வெட்டாமல் மற்றவர்கள் சாப்பிட முடியாது. கொழுப்பு உறைந்து வெள்ளையாயிற்று. ஷாமிர் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருந்தான். கடைசியில் இருவரும் எழுந்து காரில் ஏறிவிட்டார்கள். தலையை வெட்டியவர் யாரோ அவரால்தான் அறிக்கையில் முதல் கையெழுத்துப் போட முடியும். தலையை யாரும் வெட்டவில்லை. ஆகவே கையெழுத்தும் இல்லை என்று மைராம் விளக்கினான்.

“என் ஆடு?” என்றாள் புருல்.

“ஆய்வுல செலவாயிடுச்சுக்கா.”

அடுத்த வாரம் தலைநகரத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மைராம் அதை நின்றுகொண்டு வாசித்தான். ‘நிறுவனத்தின் பணி நலன் கருதி, இயக்குநரின் தகப்பனார், பணி நேரத்தில் மட்டும், காலமானவராகக் கருதப்படுவார். விருந்து நேரம் பணி நேரத்தில் சேரும்.’ கீழே இயக்குநரே கையெழுத்துப் போட்டிருந்தார், ஆழ்ந்த வருத்தத்துடன் என்று எழுதி.

இரண்டாவது ஆடு விழுந்தது. அதற்குள் விடிகாலைகளில் புல் வெள்ளையாகத் தொடங்கியிருந்தது. புருல் முற்றத்தில் குவித்திருந்த கிழங்கின் மேல் வைக்கோல் போட்டு, வைக்கோல்மேல் கம்பளிப் பாய்கள் போட்டு, அதற்கும் மேல் வீட்டிலிருந்த ரஜாயெல்லாம் போட்டு மூடியிருந்தாள்.

“ஏ புருல், உருளைக்கிழங்குக்கு ரஜாய், எனக்குக் கோட்டா?” என்று ஷாமிர் கேட்டான்.

“நீ உறைஞ்சா தீ மூட்டி எழுப்பிக்கலாம். கிழங்கு உறைஞ்சா என்னத்தைப் பண்றது? வாயை மூடிக்கிட்டுக் கோட்டைப் போத்திக்கிட்டுத் தூங்கு.”

இந்தத் தடவை இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். தலை வந்தது. கத்தியை எடுத்தார். அவருடைய கைபேசி அடித்தது. மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பதால் அவர் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“டேய் கலிபெக்! நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்தியாமே?”

“அலுவலக நோக்கத்துக்கு மட்டும்தான் அப்பா…”

“என் பென்ஷனை நிறுத்திட்டாங்கடா! போய்க் கேட்டா, நீங்க செத்தவரு, சத்தம் போடாதீங்கங்கறான் கவுன்ட்டர்ல இருக்கிற பய!”

“மாலை ஆறு மணிக்கு மேல நீங்க உயிரோடதான் அப்பா. ஆறு மணிக்கு மேல போய்ப் பாருங்க.”

“ஆறு மணிக்கு மேல ஆபீஸு ஏதுடா, நாசமாப் போறவனே!”

இயக்குநர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். இரண்டாவது தலையும் முழுசாகத் திரும்பிப் போயிற்று. போகிற போக்கில், வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, இயக்குநர் சுரங்கத்துக்குள் போய்த் தரைமண்ணை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டார். கதவு மறுபடி பூட்டப்பட்டது.

அந்த மண்ணில்தான் வினை இருந்தது.

போன குளிர்காலத்தில் புருல் உள்ளே உட்கார்ந்து கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது பசிக்கிறதே என்று ஒரு குருத் உருண்டையைக் கடித்தாள். காய்ந்த தயிர் உருண்டைதான். ஆனால் நன்றாகக் காய்ந்தால் அது கல்லுக்குத் தம்பி. கடைவாய்ப் பல்லின் தங்க உறை கழன்று இருட்டில் எங்கோ விழுந்தது. துழாவித் துழாவிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்துவிட்டது. அவர்கள் அதை மண்ணோடு சேர்த்து அரைத்து, எரித்து, அளந்து, ஒரு டன் பாறைக்கு இவ்வளவு தங்கம் என்று கணக்குப் போட்டபோது, கணக்குப் போட்டவருக்கே மயக்கம் வந்ததாம். உலகத்தில் இப்படி ஒரு சுரங்கம் கிடையாது. மேலும் அந்தத் தங்கத்தில் வெள்ளியும் செம்பும் ஒரு குறிப்பிட்ட அளவில் கலந்திருந்தன. இயற்கையில் எங்கும் காணாத கலவை. இயக்குநர் உடனே அதற்கு எசெங்கானைட் என்று பெயர் வைத்தார்.

கதவில் இரண்டாவது பூட்டு ஏறியது. ஒரு பூட்டின் சாவி மண்ணியலிடம், இன்னொன்று வரலாற்றிடம். புருல் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மாவுக் கையோடு ஓடி வந்தாள். இயக்குநர் கதவுக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, அது என் பல்லு!”

“எது?”

“நீங்க பேரு வெச்சீங்களே, அது! குருத் கடிச்சு விழுந்தது. பாருங்க, குழி.” வாயை அகலத் திறந்து காட்டினாள்.

இயக்குநர் பூதக்கண்ணாடியை எடுத்து உள்ளே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“குழி இருக்கிறது,” என்று ஒப்புக்கொண்டார். “பக்கத்தில் இன்னும் இரண்டு பல்லில் அதே கலவை தெரிகிறது. மைராம், எழுதிக்கொள். தாதுப் படிவின் தொடர்ச்சி மேற்குப் பக்கம் காணப்படுகிறது.”

“படிவு இல்லய்யா, வாய்! என் வாய்!”

“அம்மா, சட்டப்படி நிலத்தடியில் இருப்பதெல்லாம் அரசுக்குச் சொந்தம். உங்கள் வாயில் இருந்தவரை அது பல். கீழே விழுந்த நொடியில் அது கனிமம்.”

“அந்தப் பல்லு எங்க செவலை மாட்டை வித்துக் கட்டினது,” என்றான் ஷாமிர், பின்னாலேயே வந்து சேர்ந்தவன். “அப்போ அந்த மாடும் கனிமமா?”

இது கேலியா கேள்வியா என்று இயக்குநருக்குப் புரியவில்லை. திலெபால்தி மட்டும் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்; பண்டைக் காலத்தில் இங்கே பல் கட்டும் நாகரிகம் ஒன்று செழித்திருந்ததென்று பிற்பாடு கட்டுரை வந்தது. புறப்படும்போது இயக்குநர் சோரோனைக் கூப்பிட்டு, இந்தப் பெண் மாவட்டத்தை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள், தொடர்ச்சி வெளியூர் போய்விடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயந்தரம் புருல் கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். சோரோன் ஓடிவந்து குறுக்கே விழுந்தான்.

“அண்ணி, அண்ணி! கதவைத் தொட்டா ஜெயிலு. உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்.”

“ஜெயில்ல ரஜாய் குடுப்பாங்களா? குடுத்தா உங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். பாவம், ராத்திரி பல்லு கிடுகிடுக்குது.”

“கொஞ்சம் பொறுங்க அண்ணி. சனிக்கிழமை துணை அமைச்சரே வர்றாரு. பாஸ்போர்ட் குடுக்கிற விழா. டிவிக்காரங்க வர்றாங்க. அவரு முன்னால எல்லாம் முடிஞ்சிடும்.”

“முடிஞ்சா கிழங்கை உள்ள வைக்க விடுவாங்களா?”

சோரோன் தரையைப் பார்த்தான். “தங்கம் கெடைச்சதுக்கப்புறம் வேற மாதிரி ஆயிடுச்சு. பாஸ்போர்ட் வந்துட்டா அது பாதுகாக்கப்பட்ட இடம் அண்ணி. அப்புறம் யாரும் எப்பவும் உள்ள போக முடியாது.”

புருல் கடப்பாரையை மெதுவாகக் கீழே இறக்கினாள். ஒரு வருஷம் முழுக்கக் குனிந்து குனிந்து வெட்டிய கிழங்கு. வசந்தத்தில் விதைக்க வேண்டிய கிழங்கு. இது போனால் அடுத்த வருஷமும் சேர்ந்து போகும், அதற்கப்புறம் ஷாமிர் ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போவான், எத்தனையோ பேர் போன மாதிரி. அழுகை வந்தது. அழவில்லை, ஆத்திரம் முந்திக்கொண்டது.

“தம்பி, விருந்துக்கு ஆடு யாரோடது?”

“காரியம் யாரோடதுன்னு…” என்று இழுத்தான் சோரோன்.

“சரி. கடைசி ஆடு. நானே அறுத்து நானே சமைக்கிறேன். ஒண்ணு மட்டும் செய். ஊர்ல எல்லாரும் வரணும். வரும்போது ஆளுக்கு ரெண்டு மூணு கிழங்கு மூட்டை கொண்டு வரணும்.”

“மூட்டையா? எதுக்கு?”

“உக்காரத்தான். அவ்வளவு பேருக்கு நாற்காலி எங்க இருக்கு?”

சனிக்கிழமை வானம் ஈயம் மாதிரி தொங்கிற்று. ராத்திரிக்குக் கடும் உறைபனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கதவு படத்தில் விழ வேண்டும் என்பதால் விருந்து மேசை சுரங்கத்துக்கு முன்னால் வெட்டவெளியில் போடப்பட்டது. ஊர் முழுக்கக் கதவின் இரண்டு பக்கமும் மூட்டைகளின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. மைராம் மூட்டைகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டான். தனக்கும் ஒரு மூட்டை போட்டுக் கொடுத்ததும் உட்கார்ந்துவிட்டான்.

துணை அமைச்சர் வந்தார். நல்ல சதைப்பிடிப்பான மனிதர், காலையிலிருந்து மூன்று விழாக்களில் பேசிவிட்டு வந்தவர், சமையல் வாடை வந்த திசையில் அடிக்கடி முகம் திருப்பினார். அவருடைய தகப்பனார் காலமாகி ஆறு வருஷம் ஆகிறதென்று சோரோன் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தான். அதைக் கேட்டு நிறுவனத்தில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

பிறந்த தேதிச் சண்டையும் தீர்ந்திருந்தது. அமைச்சர் அலுவலகத்தில், எது பெரிய எண்ணோ அதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். திலெபால்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். சிவப்பு அட்டை போட்ட பாஸ்போர்ட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து இயக்குநர் பேசத் தொடங்கினார்.

“மாண்புமிகு துணை அமைச்சர் அவர்களே! இன்று நம்மிடையே முப்பது கோடி வயதுள்ள ஒருவர் இருக்கிறார். ஆம், ஒருவர்! இந்தச் சுரங்கத்தை நான் இனி ‘அது’ என்று சொல்ல மாட்டேன். பாஸ்போர்ட் உள்ள எவரையும் ‘அது’ என்று சொல்ல முடியாது. இவர் நம் நாட்டின் மூத்த குடிமகன். நாமெல்லோரும், நான், ஏன், மாண்புமிகு துணை அமைச்சரே கூட, இவர் முன்னால் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். இவரை மதிப்பதே நம்மை நாம் மதிப்பது!”

துணை அமைச்சர் எழுந்து கதவுக்கு ஒரு வணக்கம் வைத்தார். கேமரா அதை எடுத்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. இன்னொரு தடவை வைத்தார்.

அப்போது புருல் ஆவி பறக்கும் பெரிய தட்டோடு வந்தாள். இறைச்சிக்கு நடுவில் தலை. துணை அமைச்சர் சட்டைக் கையை மடித்து, கையைத் தேய்த்துக்கொண்டார். புருல் அவரைத் தாண்டிப் போனாள். இயக்குநரைத் தாண்டினாள். திலெபால்தியைத் தாண்டினாள். இரும்புக் கதவுக்கு முன்னால் போய் நின்று, தலைவணங்கி, “பெரியவரே, எடுத்துக்குங்க,” என்றாள்.

துணை அமைச்சர் மேசைமேல் விரலால் தட்டினார்.

“அம்மா,” என்றார் துணை அமைச்சர், “நான் இங்க இருக்கேன்.”

“தெரியுதுங்க ஐயா. ஆனா தலை சபையில மூத்தவருக்கு. முப்பது கோடி வயசு பெரியவரு இங்க இருக்கும்போது உங்களுக்கு வெச்சா, அது உங்களுக்குத்தானே அவமானம்? இப்பதான் எழுந்து நின்னு வணக்கம் வெச்சீங்க. ரெண்டு தடவை.”

“அது ஒரு… உவமையம்மா!” என்றார் இயக்குநர் பதறி.

“உவமைக்கு யாருங்கய்யா பாஸ்போர்ட் குடுப்பாங்க?”

மூட்டைகளின்மேல் யாரோ சிரித்தார்கள். கேமராக்காரன் புருலின் பக்கம் திரும்பினான். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, மூத்தவர் தொடாமல் நாங்கள் தொட மாட்டோம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கத்திகள் உறையிலேயே இருந்தன. தட்டின் ஓரத்தில் கொழுப்பு மெல்ல வெள்ளை கட்டத் தொடங்கிற்று. துணை அமைச்சர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, வெச்சாச்சில்ல? சாப்பிடலாம்,” என்றார்.

“அவரு வாயில ரெண்டு பூட்டு போட்டிருக்கே ஐயா. எப்படிச் சாப்பிடுவாரு?”

“திறந்து தொலையுங்கய்யா!”

இயக்குநர் மண்ணியல் சாவியை எடுத்தார். திலெபால்தி வரலாற்றுச் சாவியை எடுத்தார். இருவரும் கதவருகே போய் நின்றார்கள். யார் முதலில் திறப்பது? மண்ணியல்தான் முதலில் என்றார் ஒருவர். முப்பது கோடியை விட்டுக்கொடுத்தாயிற்று, இதையும் விட முடியாது என்றார் மற்றவர். துணை அமைச்சர் இருவர் கையிலிருந்தும் சாவிகளைப் பிடுங்கி மைராமிடம் எறிந்தார். மைராம் எந்தப் பூட்டில் எந்தச் சாவி என்று பார்க்காமல் மாற்றி மாற்றி நுழைத்தான். இரண்டு பூட்டும் ஒரே சாவியில் திறந்துகொண்டன. ஒரே கடையில் வாங்கியவை.

புருல் தட்டோடு உள்ளே போனாள். பலகைக்கல்லின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. கீற்று அறுந்துபோன கடைக்கோடிச் சுவர் வரை போய், யுத்த காலத்துப் பெண்கள் விளக்கு வைக்கக் குடைந்த மாடத்தில் தலையை எடுத்து வைத்தாள். திரும்பி வந்து, இறைச்சித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, ஊரைப் பார்த்துக் கத்தினாள்.

“என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க? பெரியவரு ஒரு தலையோட நிறுத்திக்குவாரா? அவரு பங்கைக் கொண்டாங்க!”

ஊர் எழுந்தது. மூட்டைகள் தோளில் ஏறின. ஷாமிர் முதல் மூட்டையோடு நுழைந்தான். அவன் பின்னால் சோரோன், ஊர்த் தலைவன் என்பதை மறந்து. கழுதை வண்டிகள் கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தன. ரஜாயும் கம்பளிப் பாயும் சுற்றிய மூட்டைகள், கோணிகள், பெட்டிகள். மைராமுக்கு உட்கார மூட்டை இல்லாமல் போயிற்று.

“நிறுத்துங்கள்! பாதுகாக்கப்பட்ட இடம்! எசெங்கானைட் மேல் மிதிக்கிறார்கள்! எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்!” என்று இயக்குநர் அலறினார்.

புருல் வாசலில் கடைசி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். இறைச்சி வெட்டிய கத்தி இடுப்பில் செருகியிருந்தது.

“விருந்தாளி முன்னால வெச்சதைத் திரும்ப எடுக்கிற வழக்கம் உங்க வீட்ல இருக்கா? இருந்தா, டிவியைப் பாத்துச் சொல்லுங்க. உங்க அப்பாவும் பாப்பாரு. இப்ப மணி ஆறாகப் போவுது, உயிரோட இருப்பாரு.”

இயக்குநர் வாயைத் திறந்தார். கேமரா அவரைப் பார்த்தது. மூடிக்கொண்டார். துணை அமைச்சர் இதெதையும் கேட்கவில்லை. மூத்தவர் தொட்டாயிற்று என்று முடிவு செய்து, தொடைக்கறியில் கத்தியை இறக்கியிருந்தார். நிறுவனத்தின் ஐம்பதாண்டு வரலாற்றில் அதுதான் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்து முடிந்த முதல் காரியம்.

அன்று ராத்திரி உறைபனி இறங்கியது. முற்றத்தில் வைத்திருந்த வாளித் தண்ணீர் அடிவரை இறுகிப் போயிற்று. ஷாமிர் ரஜாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டான். இரும்புக் கதவை ஊர்க்காரர்கள் கழற்றி ஓடையின் குறுக்கே பாலமாகப் போட்டிருந்தார்கள். பலகையையும் வீணாக்கவில்லை, கோழிக்கூட்டுக்கு ஆயிற்று.

அதற்கு முன்னால், சாயந்தரம் காரில் ஏறிப் புறப்படும்போது இயக்குநர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, “நாங்கள் மறுபடி வருவோம். ஆய்வு இன்னும் முடியவில்லை,” என்றார்.

புருல் பல்லில்லாத குழி தெரியச் சிரித்தாள்.

“தாராளமா வாங்கய்யா. ஆனா ஒண்ணு, ஆடெல்லாம் தீர்ந்துபோச்சு. இனிமே விருந்துன்னா அவிச்ச உருளைக்கிழங்குதான். அதுக்குத் தலை கிடையாது.”

இயக்குநர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் போயிற்று. அதற்குப் பிறகு இன்றுவரை அவர்கள் யாரும் வரவில்லை.